ஜெர்சி என்னுது, கிளப் யாருது?

கார்னர் கிக்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய லெஃப்ட் ஹாஃப் பதில்

2025 மார்ச் 16 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து அணி வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கிய ராத்திரியைப் பற்றி இரண்டு இதழுக்கு முன்னால் எழுதியிருந்தேன். 1955-க்குப் பிறகு அவர்களுக்கு உள்நாட்டில் கிடைத்த முதல் பெரிய கோப்பை. நம் நேரத்துக்குப் பத்து மணிக்கு ஆரம்பித்த மேட்ச். பன்னிரண்டு மணிக்குப் பெரம்பூரில் ஒரு கிழவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான் என்று எழுதினேன். நாலு பேர் பாராட்டி எழுதுவார்கள் என்று ஒரு நப்பாசை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி என்னைக் கூண்டில் ஏற்றுகின்றன. சரி, ஏறிவிட்டேன்.

ஆர்.எம்., வியாசர்பாடி: சார், நியூகாசில் ஜெயிச்சதுக்கு அழுதேன்னு எழுதினீங்க. அந்தக் கிளப்போட முதலாளி யார்னு ஒரு வரிகூட எழுதல. தெரியாமலா, தெரிஞ்சேவா? வெக்கமா இல்லையா?

தெரிந்தேதான் தம்பி. வெட்கமாகவும் இருந்தது. அழுதது உண்மை, வெட்கமும் உண்மை. பெண்ணை அனுப்பும்போது அழுகிற அப்பாவும் கொஞ்ச நேரத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடத்தான் செய்கிறார்.

நான் அந்த அணியிடம் மாட்டிய கதையை முதலில் கேளுங்கள். 1996-ல் எங்கள் வீட்டில் இருந்தது 14 இன்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள். கேபிள் இழுத்தாயிற்று, கலர் டிவிக்குக் காசு சேரவில்லை. அதில் மான்செஸ்டர் யுனைடெட்டும் சாம்பல், லிவர்பூலும் சாம்பல், எவர்ட்டனும் சாம்பல். டிவியில் தெரிந்த கலரும் நிஜக் கலரும் ஒன்றாக இருந்தது நியூகாசிலுக்கு மட்டும்தான். அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யுனைடெட்டை 5-0 என்று அடித்தார்கள். பிலிப் ஆல்பர்ட் என்று ஒரு டிஃபெண்டர். கோலில் ஷ்மைக்கேல் மலை மாதிரி நிற்கிறார். அவர் தலைக்கு மேலே பூவைத் தூவுகிற மாதிரி ஒரு சிப். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழவில்லை.

அப்புறம் வந்தது மைக் ஆஷ்லி காலம். விளையாட்டுச் சாமான் கடைகள் வைத்திருந்தவர். 2007-ல் சுமார் 13.4 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கி 14 வருஷம் வைத்திருந்தார். 2009-லும் 2016-லும் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். 2011-ல் எங்கள் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயரையே எடுத்துவிட்டுத் தன் கடைப் பெயரை மாட்டினார். கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தில் இருந்த பெயரை அழித்துவிட்டு ஜவுளிக்கடைப் பெயரை எழுதினால் மயிலாப்பூர்காரர்களுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அதனால் 2021 அக்டோபர் 7 அன்று கிளப் கைமாறியது என்று செய்தி வந்ததும் முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷம்தான். ஒளிக்கவில்லை. விலை 30.5 கோடி பவுண்டு. எண்பது சதவீதம் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்துக்கு. அதன் தலைவர் இளவரசர் முகமது பின் சல்மான். பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் இருக்கும் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போனார். கல்யாணத்துக்கான காகிதம் வாங்கப் போனவர், திரும்பி வரவில்லை. அந்த நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் தந்தார் என்பது அமெரிக்க உளவுத்துறையின் கணிப்பு. 2021-ல் அதை வெளியிட்டார்கள். தான் உத்தரவிடவில்லை என்கிறார் இளவரசர்.

இந்த விற்பனை பதினெட்டு மாதம் இழுபறியில் கிடந்தது. ஏன் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்று, கிளப்பை நடத்தப்போவது நிதியமா, நாடா என்கிற கேள்வி. நாடு தலையிடாது என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டது இங்கிலாந்தின் முதல் டிவிஷனை நடத்துகிற பிரீமியர் லீக். இன்னொன்று திருட்டு ஒளிபரப்பு. கத்தார் நாட்டு சேனல் காசு கொடுத்து வாங்கிய மேட்சுகளை சவுதியில் திருட்டுத்தனமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த சேனலுக்கு அங்கே தடையும் இருந்தது. அந்தத் தடையை விலக்கும் செய்தி வந்த மறுநாள் விற்பனைக்கு ஒப்புதல். மனுஷன் காணாமல் போனது ஒரு தடையாக இல்லை, திருட்டுக் கேபிள் தடையாக இருந்தது. பர்மா பஜாரில் சிடி வாங்கிப் பழகிய நமக்கே இது கொஞ்சம் அதிகம்.

அன்று சாயங்காலம் ஸ்டேடியம் வாசலில் ரசிகர்கள் கொண்டாடினார்கள். சிலர் தலையில் டவலை அரபிக்காரர் மாதிரி கட்டிக்கொண்டு ஆடினார்கள். அதைப் பார்த்ததும் என் சந்தோஷத்தின் ஒரு மணி நேரம் முடிந்தது. ஏனென்றால் அந்த ஆட்டத்தை நான் ஏற்கனவே ஆடியிருக்கிறேன்.

1984. எங்கள் பேட்டை டீம் சென்னை லீகில் இரண்டாம் டிவிஷன். மாதச் சந்தா ஐந்து ரூபாய், அதையும் பாதிப் பேர் தரமாட்டான். எங்கள் கோச் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷமாகப் பைசா வாங்காமல், நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சிவக்க நேராக கிரவுண்டுக்கு வருவார். டீமைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஒருவர் முன்வந்தார். பேட்டையில் மீட்டர் வட்டிக்கு விடுகிறவர். பதினாறு ஜெர்சி, எல்லாருக்கும் பூட்ஸ், மேட்ச் முடிந்தால் ஆளுக்கு ஒரு பிரியாணி. நிபந்தனை ஒன்றே ஒன்று: பழைய கோச் வேண்டாம், என் ஆள் வருவான்.

நாங்கள் ஒத்துக்கொண்டோம். பழையவரிடம் போய்ச் சொல்லக்கூட யாருக்கும் தைரியமில்லை. அவர் ஒருநாள் கிரவுண்டுக்கு வந்தார், புது ஆள் விசில் ஊதுவதைப் பார்த்தார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

கஷ்டம் என்ன தெரியுமா? புது கோச் நல்ல கோச். ஆள் மோசமாக இருந்திருந்தால் எங்கள் மனசாட்சிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். "பந்தைப் பாக்காதடா, அவன் இடுப்பைப் பாரு. கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பார். அதை இன்றைக்கும் பேரனுக்குச் சொல்லித் தருகிறேன். அந்த வருஷம் நேரு பார்க்கில் கடைசி மேட்ச் ஜெயித்துவிட்டுப் புது ஜெர்சியோடு தெருவுக்குள் வந்தோம். பூ விற்கிற ஒரு அம்மா, எங்கள் கோல்கீப்பரின் அம்மா, வாசலில் நின்றிருந்தார். போன வாரம்தான் வட்டிக்காரரின் ஆட்கள் வந்து அவர் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மகன் முதுகில் தட்டினார். ஜெர்சியைத் தொட்டுப் பார்த்தார். "துணி நல்லாத்தான்டா இருக்கு. இதுல ஒரு கை என்னோட அண்டா" என்றார்.

அப்புறம் பிரியாணி சாப்பிட்டோம். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

கல்லூரி மாணவி, அயனாவரம்: நியூகாசில் மேனேஜர் எட்டி ஹாவ் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா முதலாளியைப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார். அவர் மேல கோபப்படலாமா கூடாதா?

கொஞ்சம் படலாம் அம்மா. மொத்தக் கோபத்தையும் அவர் தலையில் கொட்ட வேண்டாம்.

ஹாவ் சாதாரண ஆள் இல்லை. முப்பத்தொரு வயதில் போர்ன்மத் அணியைக் கையில் எடுத்தார். நாலாவது டிவிஷன், அதிலும் 17 புள்ளி அபராதத்தோடு ஆரம்பித்த சீசன். அங்கே தப்பிக்க வைத்தவர் 2015-ல் அதே அணியைப் பிரீமியர் லீகுக்கே கொண்டுபோனார். நியூகாசிலுக்கு அவர் வந்த கதையில் ஒரு சங்கடம் உண்டு. புது முதலாளிகளின் முதல் மேட்ச் ஸ்டீவ் புரூசுக்கு மேனேஜராக ஆயிரமாவது மேட்ச். டாட்டன்ஹாமிடம் 3-2 தோல்வி. மூன்று நாளில் புரூஸ் வீட்டுக்கு. உனாய் எமெரியைக் கேட்டார்கள், அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நவம்பர் 8-ல் ஹாவ் வந்தபோது 11 மேட்சில் 5 புள்ளி. முதல் வெற்றி பதினைந்தாவது மேட்சில்தான். அந்த அணியை அந்த சீசன் பதினொன்றாம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இதெல்லாம் பணத்தால் மட்டும் நடந்தது என்று சொல்கிறவர் பயிற்சி மைதானம் பக்கம் போகாதவர்.

இனி உங்கள் கோபம். 2022 மார்ச் 12, சனிக்கிழமை, சவுதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மறுநாள் நியூகாசிலுக்குச் செல்சியோடு மேட்ச், கடைசி நிமிஷங்களில் 1-0 தோல்வி. மேட்ச் முடிந்து நிருபர்கள் கேட்டார்கள். ஹாவ், ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பதில் சொல்வேன் என்று நின்றுவிட்டார். அந்தப் பக்கம் செல்சியின் கதையும் அழகில்லை. மூன்று நாள் முன்னால்தான் அவர்கள் முதலாளி அப்ரமோவிச்சின் சொத்துகளைப் பிரிட்டிஷ் அரசு முடக்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கேலரியில் அவர் பெயரைப் பாடினார்கள். அவர்களின் மேனேஜர் தாமஸ் டுகல் அதற்கு ஒரு வாரம் முன்பு, உக்ரைனுக்காக எல்லாரும் கைதட்டுகிற நேரத்தில் முதலாளி பெயரைப் பாடிய சொந்த ரசிகர்களையே, இது அதற்கான நேரம் இல்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆக, மேனேஜர் வாய் திறந்தால் வானம் இடிந்து விழுந்துவிடாது.

ஆனால் இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். முதலாளி ஒரு நாளும் மைக் முன்னால் உட்காருவதில்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை உட்காருகிறவர் மேனேஜர். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை என்றால் எடை போடுகிறவர்தான் திட்டு வாங்குவார். திட்டு வாங்கவும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் என்று முதலாளி நினைத்தால் அதற்கு நாம் ஏன் துணை போக வேண்டும்?

பிராய்லர் கடைக்காரர், ஓட்டேரி: நம்ம நாட்டுக் கோழிக் கம்பெனி இங்கிலாந்துல ஒரு கிளப்பை வாங்கினது நிஜமா? நம்மாளு முதலாளி ஆனா பெருமைதானே?

நிஜம்தான் அண்ணே. புனேயின் வெங்கிஸ் குழுமம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 1995-ல் இங்கிலாந்து சாம்பியன் ஆன கிளப். அந்த சீசன், பின்னால் நியூகாசிலுக்கு வந்த என் தலைவர் ஆலன் ஷியரர் அங்கேதான் லீகில் 34 கோல் போட்டார்.

வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் மேனேஜர் சாம் அலர்டைஸை அனுப்பிவிட்டார்கள். அணி அப்போது பதிமூன்றாம் இடத்தில் இருந்தது. அலர்டைஸ் டீம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஆடாது, ஆனால் கீழே இறங்கவும் இறங்காது. கோச்சிங் ஸ்டாஃபில் இருந்த ஸ்டீவ் கீனை மேனேஜர் ஆக்கினார்கள். வாரா வாரம் எதிர்ப்பு. வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் கோழிக்கால் கடிக்கிற விளம்பரம்கூட வந்தது. 2012 மே 7, விகன் அணியோடு சொந்த மைதானத்தில் மேட்ச். மழை. ரசிகர்கள் கிளப் கொடி போர்த்திய ஒரு உயிருள்ள கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். அது டிஃபெண்டர்களுக்கு நடுவே சாவகாசமாக நடந்தது. அன்றைக்கு 1-0 தோல்வி, பிரீமியர் லீகிலிருந்து வெளியே. அடுத்த சீசனில் வந்த ஹென்னிங் பெர்க் என்கிற மேனேஜர் 57 நாள் இருந்தார். நம் ஊரில் வாடகை வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கவே அதைவிட அதிக நாளாகும்.

இங்கே ரத்தக்கறை எதுவும் இல்லை, கவனியுங்கள். ஆட்டம் தெரியாதவர்கள் கையில் கிளப் போனால் என்ன ஆகும் என்பது மட்டும்தான். நம்மாள் என்பதால் வலி குறைந்ததாக பிளாக்பர்ன்காரர் யாரும் சொல்லவில்லை. உங்கள் கடையை ஷியரர் வாங்கி, முதல் நாளே கறி வெட்டுகிறவரை மாற்றினால் நீங்கள் பெருமைப்படுவீர்களா?

எஸ்.கே., வேளச்சேரி: மேனேஜருக்கும் கோச்சுக்கும் என்ன வித்தியாசம்?

தோற்றால் இரண்டு பேரும் ஒன்றுதான்.

மென்பொருள் ஊழியர், வேளச்சேரி: நான் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். அபுதாபி பணம்னு எங்களை மட்டும் ஏன் திட்றாங்க?

அபுதாபிக்கு முன்னால் நடந்ததை உங்கள் வயதுக்காரர்கள் மறந்துவிடுகிறீர்கள். எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒரு நல்ல மனுஷர் மாட்டிக்கொண்டார்.

2006-07 சீசனில் சிட்டி சொந்த மைதானத்தில் லீகில் போட்ட கோல் மொத்தம் பத்து. ஜனவரி 1-க்குப் பிறகு அங்கே ஒன்றுகூட இல்லை. அந்த நிலையில் 2007 கோடையில் புது முதலாளியாக வந்தார் தக்சின் சினவத்ரா. பெயரிலேயே சினம் இருக்கிறது, மேற்கொண்டு நான் சொல்லவும் வேண்டுமா. தாய்லாந்தின் பிரதமராக இருந்து ராணுவப் புரட்சியில் பதவி இழந்தவர், அங்கே சொத்து முடக்கம். 2003-ல் அவர் நடத்திய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதைச் சொல்லி, இவரை எப்படி அனுமதிக்கிறீர்கள் என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் கேட்டது. முதலாளிகளுக்கான தகுதிச் சோதனையில் அவர் பாஸ். எந்தக் கோர்ட்டும் அதுவரை அவருக்குத் தண்டனை கொடுக்கவில்லையே!

ரசிகர்கள் சினவத்ராவை சினாட்ராவாக்கி 'ஃபிராங்க்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அவர் கொண்டுவந்த மேனேஜர் ஸ்வென் யோரான் எரிக்சன். இங்கிலாந்து அணிக்கு முதல் வெளிநாட்டு மேனேஜராக இருந்த ஸ்வீடன்காரர், மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். எலானோ, பெத்ரோவ் என்று ஆட்களை வாங்கினார், முதல் மூன்று மேட்சும் வெற்றி, மூன்றாவது யுனைடெட்டுக்கு எதிராக. பிப்ரவரியில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கே போய் 2-1. யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றும்?

சீசன் முடியும் நேரத்தில் எரிக்சனை அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. அப்போதுதான் ரசிகர்கள் கிளம்பினார்கள், 'ஸ்வெனைக் காப்பாற்றுங்கள்' என்று. இரண்டாயிரம் சாவுக்குப் பெரிதாகக் கிளம்பாத கூட்டம் ஒரு மேனேஜரின் வேலைக்காகக் கிளம்பியது. குற்றமாகச் சொல்லவில்லை. தாய்லாந்தில் செத்தவர்கள் முகம் தெரியாதவர்கள், எரிக்சன் வாராவாரம் கண்ணுக்குத் தெரிகிறவர். என் பேட்டையிலும் அண்டா போன வீடுகள் பல. எனக்கு இன்று நினைவிருப்பது கோல்கீப்பரின் அம்மா மட்டும்தான்.

கடைசி மேட்சில் மிடில்ஸ்பரோவிடம் 8-1 என்று தோற்றார்கள். ஜூனில் எரிக்சன் வெளியே. செப்டம்பர் 1 அன்று தக்சினும் விற்றுவிட்டார், வாங்கியது அபுதாபி. எரிக்சன் 2024-ல் புற்றுநோயில் இறந்தார். சாவதற்கு முன்னால் லிவர்பூலின் மேனேஜராக ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த மார்ச்சில் லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் முன்னாள் வீரர்களின் மேட்சில் அவரை உட்கார வைத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் கண் கலங்கினார். தக்சினால் எரிக்சனுக்கு ஒரு கறையும் ஒட்டவில்லை, கவனித்தீர்களா? எரிக்சனால் தக்சினுக்கு ஒரு வருஷம் நல்ல பெயர் ஒட்டியது. நல்ல மேனேஜரை வைப்பது அதற்குத்தான்.

உங்கள் கேள்விக்குப் பதில்: உங்களை மட்டும் திட்டவில்லை, நீங்கள் அதிகம் ஜெயிப்பதால் அதிகம் காதில் விழுகிறது.

பெயர் வேண்டாம், ராயபுரம்: எங்க அப்பா ரியாத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தார். எங்க வீடு, என் படிப்பு, அக்கா கல்யாணம் எல்லாம் சவுதிக் காசு. நானும் நியூகாசில் ரசிகன். முதலாளியைப் பத்திப் பேச வாய் வரல. உப்பைத் தின்னவன் பேசலாமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் தம்பி.

என் தங்கை வீட்டுக்காரர் தம்மாமில் பத்தொன்பது வருஷம் ஏசி மெக்கானிக். அவர் ஊருக்கு வந்தால் கயிறு கட்டின அட்டைப்பெட்டி வரும். உள்ளே கம்பளி, டாங் டப்பா, கோடாலித் தைலம், பிள்ளைகளுக்குச் சாக்லேட். அந்தப் பெட்டியைப் பிரிக்கிற வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் அம்மா செத்தபோது வர முடியவில்லை. இக்காமா, அதாவது அங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கிற நேரம், ஊருக்குக் கிளம்ப எக்ஸிட் அடிக்க ஆளில்லை. பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தார். நான் கோபத்தில் அவருடைய கபீலை, அதாவது விசா கொடுத்து வேலைக்கு எடுத்த முதலாளியை, திட்டினேன். அவர், "இல்ல மச்சான், கபீல் நல்லவருதான். நோம்புக்கு எங்களுக்கெல்லாம் துணி எடுத்துக் குடுப்பாரு. பாஸ்போர்ட்டு மட்டும் அவர் பீரோவுல இருக்கும்" என்றார். நல்லவரின் பீரோவில் நம் பாஸ்போர்ட். அந்த நாட்டைப் பற்றிப் பின்னால் எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன், இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று வந்தது, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை.

உங்கள் அப்பா அங்கே தின்றது அவர் வேர்வையின் உப்பு. ஐம்பது டிகிரியில் உழைப்பைக் கொடுத்தார், கூலி வாங்கினார், கணக்குத் தீர்ந்தது. அந்தக் கூலியோடு சேர்த்து மகனின் வாயையும் யாரும் வாங்கவில்லை. முதலாளிக்காகப் பாடு என்று அப்பாவிடமே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளப் ரசிகனிடம் கேட்பது அதைத்தான். கூலி எதுவும் கொடுக்காமல், நாமே காசு கொடுத்து ஜெர்சி வாங்கி, நாமே தலையில் துணி கட்டிக்கொண்டு, அவர் பெயரைப் பாட வேண்டும். நான் வெம்ப்ளியில் டான் பர்ன் தலையால் முட்டிப் போட்ட அந்தக் கோலுக்குக் கத்துவேன். பதினோரு வயதில் அதே கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட உள்ளூர்ப் பையன் அவர், அது எனக்குப் போதும். கேமரா முதலாளிகள் உட்கார்ந்த பக்கம் திரும்பினால் தண்ணி குடிக்க எழுந்துவிடுவேன். இது பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி மச்சானும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்தார். கோப்பையைத் தூக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். "நல்லா ஆடினாங்க" என்றார். முதலாளி யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பா இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். நம்மைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும், பேசுகிற உரிமையும் அதிகம்.

விசில் ரசிகர், திருவல்லிக்கேணி: வெள்ளைக்காரன் கிளப்பைப் பத்தி இவ்வளவு பேசுறீங்களே, நம்ம மஞ்சள் ஜெர்சிக்கு இதெல்லாம் பொருந்தாதா?

மாட்டிக்கொண்டேன். பொருந்தும். 2015 ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை ஐபிஎல் அணியை இரண்டு வருஷம் தள்ளி வைத்தது. அணி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் பந்தயம் கட்டிய விவகாரம். அந்த இரண்டு வருஷத்தில், நம் அணியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டு வாலாஜா சாலையில் ஒரு கூட்டம் நின்றதாக எனக்கு நினைவில்லை. எப்போது திரும்பி வருவார்கள் என்பதுதான் ஊரின் ஒரே கேள்வி, என் கேள்வியும் அதுதான். 2018-ல் திரும்பி வந்தார்கள். காவிரிப் போராட்டத்தால் ஒரே ஒரு மேட்சோடு சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்கு மாற்றினார்கள். நம்மவர்கள் ஸ்பெஷல் ரயிலில் ஏறிப் புனேவுக்கே போய் விசில் அடித்தார்கள். என் பெரிய பையன் அந்த ரயிலில் இருந்தான். நான் புளியோதரை கட்டிக் கொடுத்தேன்.

நியூகாசில்காரன் துண்டு கட்டி ஆடினான் என்று எழுதும்போது இந்தப் புளியோதரையும் என் நினைவில் இருந்தது. ஆனால் எழுதவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

கேலரி நண்பன், பெரியமேடு: சென்னையின் எஃப்சி பற்றி எப்போ எழுதுவீங்க?

எழுதத்தான் உட்காருகிறேன், பேனா நகரவில்லை. 2015-லும் 2018-லும் கோப்பை வென்ற அணி. இரண்டு ஃபைனலும் எதிராளியின் ஊரில், இரண்டும் 3-2. 2025 ஜூலையில் மொத்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனையே நிறுத்தி வைத்தார்கள். கூட்டமைப்புக்கும் லீகை நடத்துகிறவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது, புதுசு போடவில்லை என்று காரணம். நியூகாசில் ரசிகனுக்கு முதலாளி யார் என்று கவலை. நமக்கு அந்த வருஷம் மேட்ச் உண்டா என்றே கவலை. வியாசர்பாடியில் காலை ஐந்தரை மணிக்கு பூட்ஸ் மாட்டுகிற பையனிடம் இதை எப்படி விளக்குவது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

தாத்தா ஒருவர், கொளத்தூர்: பர்மா பஜாரில் நியூகாசில் ஜெர்சி முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. பச்சை வெள்ளையும் இருக்கிறது, கறுப்பு வெள்ளையும் இருக்கிறது. பேரனுக்கு எது வாங்கலாம்?

பச்சை வெள்ளை, 2022-ல் மாற்று ஜெர்சியாக வந்தது. சவுதி தேசிய அணியின் கலர். அதை விடுங்கள். கறுப்பு வெள்ளை வாங்குங்கள். நெஞ்சில் ஸ்பான்சர் பெயர் இருக்கும், அதுவும் சவுதிக் கம்பெனிதான், ஆனால் பஜார் பிரிண்ட் நாலு துவையலில் போய்விடும். முந்நூற்றைம்பதில் ஒரு பைசாகூட முதலாளிக்குப் போகாது. திருட்டுச் சரக்கால் ஒருகாலத்தில் அவருடைய பேரமே நின்றது, ஞாபகம் இருக்கட்டும்.

இருநூற்றைம்பதுக்குக் கேளுங்கள், முந்நூறுக்கு வருவான். ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், சுருங்கும்.